நீரைப் பேணச் சிறுவரைப் பழக்குவோம்

(ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோருக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



'பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்தான்' என்று ஊதாரியைப் பற்றிச் சொல்வது நம் மொழியில் உள்ள வழக்கு. ஆறும் கால்வாயும் கரைபுரண்டோடும் சீமையில் யாரோ தொடங்கி வைத்த வழக்காக அது இருத்தல் வேண்டும். கொங்கு நாட்டு மேட்டாங்காட்டில் அது பிறந்திருக்க முடியாது. நம் முன்னோர் பணத்தையும் தண்ணீராய்ச் செலவழித்தவரல்லர். தண்ணீரையோ பணத்தினும் மேலாக எண்ணிச் செலவழித்தவர்கள். அந்த எண்ணம் நம் பிள்ளைகளிடம் எவ்வாறு மீண்டும் வேரூன்றும் என்பது பற்றியே இன்று தங்களோடு சில சொற்கள் பேச விழைகின்றோம்.

நம் நாட்டின் அமைப்பைத் தாங்கள் அறிவீர்கள். கோயம்புத்தூர்ச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைப் பெரிதும் மலையின் மேற்குச் சரிவிலேயே பெய்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குக் காற்றை மட்டும் அனுப்பி வைக்கின்றது. மாநிலத்தின் ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதாயிருக்க, நம் சமவெளிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டரே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களிலேயே கொட்டிவிட்டுப் போவது. நிலத்தடியிலோ கடும்பாறை. அப்பாறையின் வெடிப்புகளில் தங்கும் நீரே நம் கிணறுகளின் உயிர்.

இதனை உணர்ந்த முன்னோர் நொய்யலின் குறுக்கே அணைக்கட்டுகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, பேரூர், குறிச்சி, உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் எனக் குளங்களை நிறைத்து வைத்தனர். 13ஆம் நூற்றாண்டில் பவானியாறு காவிரியோடு கூடுமிடத்துக்கு அருகே அணை எழுப்பி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்குக் காலிங்கராயன் கால்வாயை வெட்டினர். ஆறு எட்டாத இடங்களில் கிணறு தோண்டிக் கவலை பூட்டினர்.

அக்காலத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய பாடம் இருந்ததாகத் தெரியவில்லை. எனினும் சிறுவர் அனைவரும் அதனைக் கற்றிருந்தனர். தந்தை கவலையோட்ட, எருதுகள் சரிவில் இறங்க, சால் மேலேறிச் சாய்ந்து வாய்க்காலில் நீர் ஓடும். கடைமடையில் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கட்டியவன் பத்து வயதுப் பையன். ஒரு மடை உடைந்தால் எருதுகள் எத்தனை நடை வீணாய் நடந்தன என்பதை அவன் கண்ணாரக் கண்டான். தந்தையின் ஏச்சையும் காதாரக் கேட்டான். அதுவே அவனுக்குப் பாடம்.

1930களில் பைக்காரா மின்சாரம் நம் பக்கம் வந்தது. மோட்டார் வந்தது, எருதுகளின் உழைப்பும் மனிதரின் உழைப்பும் குறைந்தன. இது பெரும் நன்மையே. இதற்காக வருந்துவார் யாருமிலர். ஆனால் அந்த உழைப்போடு அந்தப் பாடமும் போயிற்று. இன்றைய சிறுவனுக்குத் தண்ணீர் என்பது விசையைத் தட்டினால் வருவது. வராவிட்டால், 'ஊராட்சிக்காரர் இன்னும் விடவில்லை' என்பது. மழைக்கும் குழாய்க்கும் இடையே உள்ள தொடர்பை அவன் கண்டதில்லை. காணாத ஒன்றின் அருமையை வாயால் மட்டும் சொல்லி உணர்த்த இயலுமோ?

இயலாது என்பதை நாம் நம் சொந்தத் தவற்றினால் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது பொறுப்பிலிருந்த வட்டாரத்தில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தண்ணீரின் அருமை பற்றிப் பேச்சுப் போட்டி நடத்தினோம். பிள்ளைகள் மடைதிறந்த வெள்ளம் போல் பேசினார்கள். நாமும் நீண்டதொரு சொற்பொழிவு நிகழ்த்திப் பரிசளித்துவிட்டு வெளியே வந்தோம். வாயிற்புறத்துக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. முதற்பரிசு பெற்ற பையன் அதில் கை கழுவிவிட்டு, அது சொட்டுவதைக் கவனியாமலே ஓடினான். நாமும் கவனித்தும் ஒன்றும் செய்யாமல் வண்டியேறினோம். இருவரில் யார் தவறு பெரிது என்பதைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அப்பள்ளியின் ஆசிரியை ஒருவர் அக்குழாயை விட்டுவிடவில்லை. மறுநாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வந்து, குழாயின் கீழ் ஓர் ஏனத்தை வைத்து, கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நிறைந்தது. பிறகு கணக்குப் பாடம் தொடங்கிற்று. நாளொன்றுக்கு 24 லிட்டர்; ஆண்டொன்றுக்கு 8,760 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒருவருக்கு நாள்தோறும் வகுக்கப்பட்ட அளவு 55 லிட்டர். அதைக் கொண்டு வகுத்துப் பார்த்தபோது, ஒருவர் 159 நாட்கள் பயன்படுத்தக்கூடிய நீரை அந்த ஒரு குழாய் ஓராண்டில் சொட்டித் தீர்க்கும் என்று விடை வந்தது. நம் சொற்பொழிவு செய்யாததை அந்த வகுத்தல் கணக்குச் செய்தது. பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று ஒழுகும் குழாய்களை எண்ணத் தொடங்கினார்கள்.

அந்த ஆசிரியை மேலும் செய்தவற்றைச் சொல்லுகின்றோம். எதற்கும் பெருஞ்செலவில்லை; எந்த ஊரிலும் செய்யலாம்.

முதலாவது, மழைமானி. நேரான பக்கங்களையுடைய ஞெகிழிப் புட்டியொன்றின் மேற்பகுதியை அறுத்துக் கவிழ்த்துப் புனல் போல் பொருத்தினார்கள். அடியில் கூழாங்கல் இட்டு, பக்கம் நேராகும் இடம் வரை நீரூற்றி, அதைச் சுழி எனக் குறித்து, மேலே அளவுகோலை ஒட்டினார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு பிள்ளை அதைப் பார்த்துச் சுவரில் வரைந்த கட்டத்தில் நீல வண்ணம் தீட்டவேண்டும். மழை பெய்யாத நாளின் கட்டம் வெறுமையாக நிற்கும். ஆண்டு முடிவில் அச்சுவரைக் கண்டவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை; நீலம் எங்கோ சில இடங்களில், வெறுமை எங்கணும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். நூறு சதுர மீட்டர்க் கூரையில் 600 மில்லிமீட்டர் மழைக்கு 60,000 லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டதன் பொருள் அப்போதுதான் அப்பிள்ளைகளுக்கு விளங்கிற்று. தங்கள் பள்ளியின் சேகரிப்புக் குழியில் சருகு அடைத்திருப்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தார்கள்.

இரண்டாவது, கண்ணாடித் தொட்டிக் கிணறு. பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் அடியில் கூழாங்கல்லும் அதன்மேல் மணலும் இட்டு நீர் ஊற்றினார்கள். அதில் ஒரு குழலைச் சிறிது ஆழத்திலும் மற்றொரு குழலை அடிவரையிலும் இறக்கினார்கள். ஆழக் குழலில் ஒரு பிள்ளை நீரை உறிஞ்ச உறிஞ்ச, மேற்குழல் வறண்டுபோயிற்று. மேற்குழலைப் பிடித்திருந்த சிறுமி, 'எங்க தோட்டத்துக் கெணறும் இப்படித்தானுங்க டீச்சர்' என்றாளாம். அண்டை அயலார் ஆழ்துளைக் கிணற்றை ஆயிரம் அடிக்கு இறக்குவதும், மற்றவர் அதற்கும் கீழே இறக்குவதும் நம் பக்கத்தில் புதிதன்று. எல்லாக் குழல்களும் ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன என்பதை அச்சிறுமி கண்டாள். நாம் கூட்டம் கூட்டமாகக் கூடியும் அதைக் காண மறுக்கின்றோம்.

மூன்றாவது, பெரியவர்களிடம் கேட்டெழுதுதல். ஊரில் உள்ள பாட்டன் பாட்டிமாரிடம் சென்று, ஊரின் நீர்நிலைகளின் பெயர்களைக் கேட்டு எழுதச் செய்தார். குளம், குட்டை, பள்ளம், ஓடை, வாரி, மதகு, கலிங்கு எனப் பிள்ளைகள் கேள்விப்படாத சொற்களும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனித்தனிப் பெயரும் வந்து குவிந்தன. கிணத்துக்கடவு, மடத்துக்குளம் என நம் ஊர்ப்பெயர்களிலேயே நீர் நிற்பதைக் கண்டு வியந்தார்கள். கவலையோட்டிய முதியவர்கள், தாங்கள் சால் எண்ணிய முறையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நெடுநாளாகத் தம்மிடம் ஒருவரும் ஒன்றும் கேளாதிருந்த அம்முதியோருக்கு அது பெரும் மகிழ்ச்சியாயிருந்தது.

நான்காவது, பட்டிப் பொங்கல். நம் கொங்கு நாட்டில் மாட்டுப் பொங்கலன்று பட்டியில் சிறியதொரு தெப்பக்குளம் கட்டி, நீர் நிறைத்து, கன்றைத் தாண்ட விடும் வழக்கத்தைத் தாங்கள் அறிவீர்கள். அந்த ஆண்டில் ஆசிரியை அத்தெப்பக்குளத்தைப் பள்ளி மைதானத்திலும் கட்டச் செய்தார். அதற்குக் கரையும், நீர்வரும் வாரியும், மதகும், மிகுநீர் வழியும் கலிங்கும் பிள்ளைகளே மண்ணால் அமைத்தார்கள். குடத்து நீரை மேட்டில் ஊற்றி அது குளம் வந்து சேர்கிறதா என்று பார்த்தார்கள். ஒரு குழுவின் குளம் நிறையவேயில்லை. ஏனெனில் வாரியின் குறுக்கே எவனோ காலால் மிதித்து மேடாக்கியிருந்தான். பின்னர் நடந்ததற்கு அதுவே முன்னறிவிப்பாயிற்று.

அன்பர்களே, பிள்ளைகள் கேட்டெழுதிய பெயர்களையெல்லாம் கொண்டு பெரிய வெள்ளைத் துணியில் ஊரின் நீர்வழிப் படம் ஒன்றை வரைந்தார்கள். நீர் ஓடும் வழிகளை நீலத்திலும், அடைபட்ட இடங்களைச் சிவப்பிலும் காட்டினார்கள். ஊர்க் குட்டைக்கு நீர் கொண்டுவரும் பள்ளத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, அவ்வூராட்சியில் அப்போது உறுப்பினராயிருந்த ஒரு பெரியவரின் காட்டு வரப்பின்மேல் விழுந்திருந்தது.

படம் பள்ளிச் சுவரில் தொங்கிற்று. சில நாட்களில், 'பிள்ளைகளை ஏவிவிட்டு மானத்தை வாங்குகிறார்கள்' என்று பேச்சு எழுந்தது. செய்தி நமக்கும் எட்டிற்று. நாம் என்ன செய்தோம்? ஊர் அமைதி கெடக்கூடாது என்று கருதி, படத்தைச் சிறிது காலம் பீரோவினுள் வைக்குமாறு ஆசிரியையிடம் கூறினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. 'பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் என்ன சொல்லட்டும் ஐயா?' என்று மட்டும் கேட்டார். நம்மிடம் விடையில்லை. படம் பீரோவுக்குள் போயிற்று. அதைச் சொல்ல இன்றும் நமக்கு நாணமாயிருக்கின்றது.

மார்ச்சு 22ஆம் நாள் வந்தது. ஐக்கிய நாடுகள் சபை 1992இல் தீர்மானித்து, 1993 முதல் உலகத் தண்ணீர் நாளாகக் கொண்டாடப்படும் நாள் அது. நம் மாநிலத்தில் அந்நாளில் கிராமசபை கூடுவதும் தாங்கள் அறிந்ததே. அச்சபையில் ஒரு சிறுமி தங்கள் மழைப் பதிவேட்டை வாசித்தாள். ஐப்பசியில் ஒரே இரவில் இரண்டங்குலத்துக்குக் குறையாமல் மழை பெய்ததையும், மறுநாள் காலையில் குட்டையில் கணுக்கால் நீர்கூட இல்லாததையும் வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். யார் மீதும் ஒரு குறையும் அவள் சொல்லவில்லை. சபையில் இருந்தவர்கள் விவசாயிகள். ஓர் ஏக்கரில் ஓரங்குல மழை என்றால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர் என்பதை அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 'அப்படியானால் அத்தனை தண்ணீரும் எங்கே போயிற்று?' என்ற கேள்வி சபையில் தானாகவே எழுந்தது.

அந்தப் பெரியவரே எழுந்தார். 'அம்மிணி, எந்த எடத்துல நிக்குது, காட்டு பார்க்கலாம்' என்றார். 'எங்க படத்துல இருக்குதுங்க அப்பாரு; பீரோவுல வெச்சிருக்குதுங்க' என்றாள் சிறுமி. நாம் தலைகுனிந்தோம். படம் கொண்டுவரப்பட்டது. பெரியவர் நெடுநேரம் பார்த்தார். தம் தந்தை காலத்தில் காட்டு மண் அரித்துப் போகாமலிருக்கப் போட்ட வரப்பு அது என்றும், அது பள்ளத்தை மறிக்கிறதென்ற நினைவே தமக்கு இல்லை என்றும் கூறினார். காட்டையும் காக்கவேண்டும், நீரையும் விடவேண்டும் என்பதால், வரப்பின் அடியில் பெரிய சிமெண்டுக் குழாய் பதிக்க அவரே இசைந்தார். ஆடி பிறக்குமுன் வேலை முடிந்தது. அடுத்த ஐப்பசியில் குட்டையில் முழங்கால் நீர் நின்றது.

இதோடு எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்வோமாயின் அது பொய்யாகும். மற்றொரு சிவப்புப் புள்ளி வீட்டுமனைப் பிரிவொன்றின் சாலைக்கடியில் இருந்தது. அதன் உரிமையாளர்கள் வெளியூரார். நாம் அவ்வட்டாரத்தை விட்டு மாறுதலாகி வந்தவரையில் அது தீரவில்லை. குட்டை நிறையாமல் முழங்கால் அளவோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் அப்புள்ளியை அழிக்காமல் வைத்திருந்தார்கள். அழிக்கவேண்டாம் என்று இம்முறை நாமே சொன்னோம்.

இதனின்று ஊராட்சிப் பெருமக்களுக்கு நாம் கூறவிரும்புவன சில.

பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வரும் பட்டியலுக்கு மதிப்புக் கொடுங்கள். ஒழுகும் குழாய்களின் பட்டியல் ஊராட்சிக்கு வந்தால், ஒரு வாரத்துக்குள் ஒரு குழாயையேனும் சரிசெய்து, அப்பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். பட்டியல் கோப்பில் உறங்குமாயின், எண்ணுவதில் பயனில்லை என்ற பாடத்தையே அவர்கள் கற்பார்கள். அப்பாடத்தை மறக்கடிக்க எந்தப் பேச்சுப் போட்டியாலும் ஆகாது.

பிள்ளைகளைக் காவற்காரர்களாக்கி அண்டை வீட்டார்மீது ஏவாதீர்கள். அவர்கள் அளக்கட்டும், வரையட்டும், கும்மியும் நாடகமும் கட்டி ஆடட்டும். வழக்குத் தீர்ப்பது பெரியவர் கடமை. குளத்துக்கும் கிணற்றுக்கும் அவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் நம் தோட்டங்களில் எத்தனையோ உள்ளன. கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளப்பவர் பெரியவராயிருக்க, எழுதுபவர் பிள்ளையாயிருக்கட்டும். மூடாத ஆழ்துளைக் குழி எதுவும் ஊரில் இருக்கவே கூடாது.

விவசாயப் பெருமக்கள் வாரத்தில் ஒரு நாளேனும் தம் பிள்ளையைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பெடுக்கவும், மழை பெய்த மறுநாள் மண் எத்தனை ஆழம் நனைந்தது என்று தோண்டிப் பார்க்கவும் அவனையும் அவளையும் விடுங்கள். உழவு மழை என்பது எத்தனை மழை என்று அறியாத பிள்ளை கொங்கு நாட்டில் வளரலாகாது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீரைக் குழாய் வழியே கொண்டுவரும் திட்டம் அது. பல்லாண்டுகளாக மக்கள் கேட்டுப் போராடிப் பெற்றது. ஆனால் உபரி இருக்கும்போதே அது வரும். மழைநீர் வரும் பள்ளத்தை அடைத்துவிட்டுக் குழாயின் வாயை மட்டும் பார்த்திருப்பது விவேகமன்று. வந்த நீரைக் குப்பையிலும் சாக்கடையிலும் கலப்பது அதனினும் கேடு. நொய்யலின் மீது 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென எழுந்தது. சாயக் கழிவு தேங்கி, சுற்றியிருந்த கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்தது. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அது முற்றிற்று. அணை கட்டுவது எளிது. அதில் நிற்கும் நீரைத் தன்னுடையது என்று கருதும் மக்களை உண்டாக்குவதே அரிது.

அம்மக்கள் இப்போது நம் ஊர்ப் பள்ளிகளில் அமர்ந்திருக்கின்றார்கள். இன்னும் இருபது ஆண்டுகளில் இவ்வூராட்சிகளின் பொறுப்பு அவர்கள் கைக்கு வரும். வரப்பின் அடியில் குழாய் பதிப்பதா, பள்ளத்தின் மேல் சாலை போடுவதா என்று தீர்மானிப்பவர்கள் அவர்களே. அவர்களுக்கு ஒரு புட்டியும், ஓர் அளவுகோலும், ஒரு வெள்ளைத் துணியும், சிறிது வண்ணமும் கொடுப்பது ஊராட்சிக்குப் பெரிய செலவன்று. அவர்கள் வரைந்து கொண்டுவரும் படத்தைச் சுவரில் தொங்கவிடும் துணிவே நமக்கு வேண்டுவது. நாம் ஒருமுறை பீரோவில் வைத்தோம். தாங்கள் வைக்கமாட்டீர்கள் என்று நம்புகின்றோம்.